'ப்ரிட்டி'ன்னா அழகா, ரொம்பவா, பரவாயில்லையா? சாயங்கால பேட்ச் கேட்ட கேள்விகள்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன்னால் எட்டு வருஷம் கால் சென்டரில் நைட் ஷிப்ட். வகுப்புக்கு வருகிறவர்கள் பலவிதம். எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற பெண், அப்பாவுக்குக் காசிமேட்டில் விசைப்படகு இருக்கிற பையன், நர்ஸிங் முடித்துவிட்டு வெளிநாட்டுக்கு முயற்சி பண்ணுகிறவர், கப்பல் வேலைக்கு இன்டர்வியூ எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர். யாராக இருந்தாலும் ரெண்டாவது வாரத்துக்குள் ஒரே சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்: 'ப்ரிட்டி'. ஒவ்வொரு பேட்சுக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் அவர்கள் கேட்டதைக் கேட்ட மாதிரியே போட்டு, பதிலையும் எழுதி வைக்கிறேன்.

மிஸ், 'ப்ரிட்டி'ன்னா அழகுதானே? அப்போ 'ப்ரிட்டி பேட்'னா அழகான கெட்டதா?

அழகு என்பது அந்தச் சொல்லுக்கு இருக்கிற ஒரு வேலைதான். 'ஷி இஸ் ப்ரிட்டி' என்று சொல்லி நிறுத்திவிட்டால் அவள் அழகாக இருக்கிறாள் என்று பொருள். அதற்குப் பின்னால் குட், பேட், லேட், ஹாட், டயர்ட் என்று இன்னொரு சொல் வந்து ஒட்டிவிட்டால் அழகு கழன்று விழுந்துவிடும். அங்கே அது அளவு சொல்கிற சொல். 'ப்ரிட்டி பேட்' என்றால் மோசம்தான், சந்தேகமில்லை. 'ப்ரிட்டி அக்ளி' என்றுகூடச் சொல்வார்கள். நல்லாவே அசிங்கம் என்று அர்த்தம்.

இதில் நமக்குப் புதுசு எதுவும் இல்லை. 'பயங்கர அழகு' என்கிறோம், யாரும் பயந்து ஓடுவதில்லை. 'அநியாயத்துக்கு நல்லவன்டா அவன்' என்கிறோம், அவன் அநியாயம் எதுவும் செய்யவில்லை. நம் ஏரியாப் பெரியவர்கள் 'படா பேஜாரா போச்சு' என்பார்களே, அந்தப் 'படா' உருது, இந்திப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் 'பெரிய' என்று பொருள். 'படா ஷோக்கா கீதுப்பா' என்று சொல்லும்போது யாரும் டேப் எடுத்து நீள அகலம் அளப்பதில்லை. சொல் தன் சொந்த அர்த்தத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, அடுத்த சொல்லைத் தூக்கிவிடுகிற வேலைக்கு உள்ளே வந்துவிடுகிறது. ப்ரிட்டியும் அப்படித்தான்.

சரி, அது ரொம்பவா, கொஞ்சமா? டிக்ஷனரியில 'ஓரளவு'ன்னு போட்டிருக்கு. ஆனா ஆளுங்க பேசறத கேட்டா 'ரொம்ப' மாதிரி இருக்கே?

ரெண்டும்தான். எது என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, காதால் கேட்டால்தான் தெரியும்.

பீச் ஸ்டேஷன் பக்கம், செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலம் அத்தோ கடைகள் போடுவார்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. அங்கே தட்டைக் காலி பண்ணி, வாழைத்தண்டு சூப்பையும் குடித்து முடித்த ஒருத்தனிடம் 'எப்படி கீது?' என்று கேளுங்கள். 'பரவால்ல' என்று குரலை இறக்கிச் சொன்னால் இன்னொரு தட்டு வாங்கமாட்டான். 'பரவால்லயே!' என்று புருவத்தைத் தூக்கிச் சொன்னால் அடுத்த தட்டுக்குக் கை நீட்டிவிட்டான் என்று அர்த்தம். 'நல்லாத்தான் கீது' என்று 'தான்' மேல் ஏறி உட்கார்ந்து இழுத்தால், பின்னால் ஓர் 'ஆனா' வந்துகொண்டிருக்கிறது. பேசுகிற சொல் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கு விலை போடுவது குரல்.

'இட்ஸ் ப்ரிட்டி குட்' இதே விளையாட்டுதான். 'குட்' மேல் அழுத்தம் விழுந்தால் நிஜமான பாராட்டு, நம்முடைய 'பரவால்லயே!'. 'ப்ரிட்டி' மேல் அழுத்தம் விழுந்து, 'குட்' சொல்லும்போது குரல் கொஞ்சம் மேலே போய்த் தொங்கினால், அது இழுத்துச் சொல்கிற 'நல்லாத்தான் இருக்கு'. அடுத்து 'பட்' வரும். வகுப்பில் இதைச் சொல்லிக் காட்டும்போது கையையும் சேர்த்துக் காட்டுவேன். முதல் வகைக்குக் கட்டைவிரல். இரண்டாவதற்கு உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டுகிறோமே, அது.

'பரவால்ல'வும் 'பரவால்லயே'வும் நமக்கு வேறு வேறு என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரு சொல்லிக்கொடுத்தது. ப்ரிட்டிக்கும் தமிழில் அர்த்தம் எழுதி மனப்பாடம் பண்ணாதீர்கள், ராகத்தோடு பிடியுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். ராகம் இல்லாமல் ஒரு படிக்கட்டு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: 'ஃபேர்லி குட்' பாஸ், 'ப்ரிட்டி குட்' ஃபர்ஸ்ட் கிளாஸ், 'வெரி குட்' டிஸ்டிங்ஷன். இது என் கணக்கு. பரீட்சைக்கு எழுதி வைக்காதீர்கள்.

நீங்க கால் சென்டர்ல இருந்தப்ப இதனால மாட்டிக்கிட்டீங்கன்னு சொன்னீங்களே, அந்தக் கதை?

வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். அமெரிக்காவிலிருந்து ஒரு பெரியவர் லைனில் வந்தார். அவருக்கு ரெண்டாவது தடவையாகத் தப்பான பில் போயிருக்கிறது. சத்தமே போடாமல், நிறுத்தி நிதானமாக, 'ஐ'ம் ப்ரிட்டி அப்செட் அபவுட் திஸ்' என்றார்.

எனக்கு டிக்ஷனரி நினைவுக்கு வந்தது. ப்ரிட்டி என்றால் ஓரளவு. ஓரளவு வருத்தம், அவ்வளவுதானே. குரலிலும் கோபம் இல்லை. 'நோ ப்ராப்ளம் சார், இட் ஹாப்பன்ஸ்' என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு, நோட்ஸில் கஸ்டமருக்கு லேசான வருத்தம் என்று தட்டினேன். லைனில் நாலைந்து நொடி எதுவும் இல்லை. பிறகு 'வாவ்' என்று ஒரே ஒரு சொல். கட் பண்ணிவிட்டார். மறுநாள் டீம் லீடர் என்னை உட்காரவைத்து அந்த ரெக்கார்டிங்கை மூன்று தடவை போட்டுக்காட்டினார். 'சத்தம் இல்லன்னா கோவம் இல்லன்னு நினைச்சியாம்மா? இந்த ஆளு கொதிச்சிட்டிருக்கான்.'

கொதிக்கிற விஷயத்தைக் குறைத்துச் சொல்வது அங்கே மரியாதையின் ஒரு வகை. 'நான் நாகரிகமாகப் பேசுகிறேன், நீ புரிந்துகொள்' என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிற என் அத்தை ஞாபகம் வந்தார். அவர் கோபத்தின் உச்சியில் கத்தமாட்டார். 'நல்லாருக்குடிம்மா, ரொம்ப நல்லாருக்கு' என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார். அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள்.

ஆகவே அப்செட், ஆங்க்ரி, சீரியஸ், பேட் மாதிரியான கனமான சொற்களுக்கு முன்னால் ப்ரிட்டி வந்தால் கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. டாக்டர் ஒருவர் 'இட்ஸ் ப்ரிட்டி சீரியஸ்' என்றால் ஓடவேண்டிய நேரம். வகுப்பில் இருக்கிற நர்ஸ் தங்கையிடம் இதை மட்டும் ரெண்டு தடவை சொன்னேன்.

'வெரி' இருக்கும்போது இது எதுக்கு?

'வெரி' தப்பில்லை. ஆனால் வாய்க்கு வாய் 'வெரி வெரி' என்றால் பள்ளிக்கூட கட்டுரையை ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். நண்பர்கள் பேச்சில் ரியலி, ஸோ, ப்ரிட்டி என்று மாறி மாறி வரும்.

வெரியின் பூர்வீகம் சுவாரஸ்யம். அது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் 'உண்மையான' என்று பொருள். 'உண்மையாகவே நல்லது' என்று சொல்லிச் சொல்லி உண்மை தேய்ந்து, வெறும் 'ரொம்ப' மிஞ்சியது. 'ரியலி'யும் அதே வழியில் போனதுதான், அதற்குள்ளும் நிஜம் என்ற பொருள் இருக்கிறது. இதைக் கேட்டதும் காசிமேட்டுப் பையன், 'அப்ப நம்ம மெய்யாலுமே மாதிரி' என்றான். அதேதான். 'மெய்யாலுமே செமயா இருந்துச்சு' என்கிறவன் சத்தியப் பிரமாணம் எடுக்கவில்லை, அளவைத் தூக்குகிறான். லண்டனிலும் ராயபுரத்திலும் மனுஷன் அளவைக் கூட்ட முதலில் கூப்பிடுவது உண்மையைத்தான்.

இந்தச் சொற்களுக்கு ஆயுளும் குறைவு. எல்லாரும் எல்லாவற்றுக்கும் போட்டுப் போட்டுப் பல் மழுங்கிவிடும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'ரொம்ப'வுக்கு 'ஸ்வீதெ' என்று ஒரு சொல் இருந்தது. இன்றைக்கு ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால் முழிப்பார். அது போய் 'ஃபுல்', 'ரைட்' எல்லாம் கொடிகட்டி, அப்புறம்தான் வெரி வந்தது. நம் பக்கமும் அதே கதை. பள்ளியில் இலக்கணத்தில் 'சால, உறு, தவ, நனி, கூர், கழி' என்று உருப்போட்டோமே, அத்தனையும் ஒரு காலத்தில் மிகுதி சொன்ன சொற்கள். இன்றைக்கு ஷேர் ஆட்டோவில் 'தவ வெயில்' என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்காருவார். 'நிரம்ப' உருமாறி ரொம்ப ஆயிற்று, இப்போது பசங்களுக்கு ரொம்பவும் பத்தவில்லை. செம, தாறுமாறு, மரண மாஸ், வேற லெவல் என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

அழகுன்னு இருந்த சொல் எப்படி அளவா மாறுச்சு?

அழகுக்கு முன்னாலும் அதற்கு ஒரு பிறவி உண்டு. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குத் தந்திரம் உள்ள, கள்ளத்தனமான என்று பொருள். கள்ளத்தனம் கெட்டிக்காரத்தனம் ஆகி, கெட்டிக்காரத்தனம் நேர்த்தி ஆகி, நேர்த்தி அழகு ஆயிற்று. 'ஒரு நல்ல தொகை' என்கிறோமே, அந்த 'நல்ல' போல நேர்த்தியிலிருந்து அளவுக்கும் கிளை பிரிந்தது. 1500களிலேயே இந்த அளவு அர்த்தம் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. ஆகவே இது நேற்றைக்கு முளைத்த ஸ்லாங் இல்லை. ஒரு காலத்தில் நறுமணத்தைச் சொன்ன 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறதே, அந்தக் கூத்தோடு ஒப்பிட்டால் இது சாதாரணம்.

எங்கெல்லாம் போடக்கூடாது?

மாட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் இடம், பெட்டர், பிக்கர், சீப்பர் போன்ற ஒப்பிடுகிற சொற்களுக்கு முன்னால். 'ப்ரிட்டி பெட்டர்' கிடையாது. வெரியும் அங்கே போகாது. 'மச் பெட்டர்' என்று சொல்லுங்கள், நண்பர்களிடம் 'வே பெட்டர்' என்றாலும் சரி. இந்தத் தப்பு நம் வாயில் வரக் காரணம் தமிழ்தான். நாம் 'இது ரொம்ப பெட்டர்' என்று ரொம்பவைச் சர்வசாதாரணமாக ஒட்டிவிடுகிறோம், ரொம்ப எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். ப்ரிட்டிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

வினைச்சொல்லோடும் ஒட்டாது. 'ஐ ப்ரிட்டி லைக்ட் இட்' என்று யாரும் பேசுவதில்லை. அந்த இடத்துக்கு 'ரியலி லைக்ட்'.

'நாட்' போட்டால் கவனம். 'இட்ஸ் நாட் ப்ரிட்டி' என்று நிறுத்தினால் 'பார்க்கச் சகிக்கவில்லை' என்று சரியான வாக்கியம். 'இட்ஸ் நாட் ப்ரிட்டி குட்' என்பது மட்டும் நொண்டும். 'நாட் வெரி குட்', 'நாட் தட் குட்' என்று போங்கள். அதிலும் 'நாட் வெரி குட்' என்றால் 'மிக நன்றாக இல்லை, சுமாராக இருக்கிறது' என்று நினைக்காதீர்கள். மோசம் என்பதைத்தான் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுக்கிறார்கள். இதற்கு நேர்மாறு 'நாட் பேட்'. கேட்க மட்டம் மாதிரி இருக்கும், உண்மையில் அது நம்முடைய 'தேவலாமே'.

ஏற்கெனவே உச்சியில் இருக்கிற சொற்களுக்கு, அதாவது ஃப்ரீஸிங், ஸ்டார்விங் மாதிரியானவற்றுக்கு, 'அப்சல்யூட்லி' பொருத்தம். 'வெரி ஸ்டார்விங்' வேண்டாம்.

'ப்ரிட்டி ஷ்யூர்'னா நூறு பர்சன்டா?

இல்லை. 'அநேகமா அப்படித்தான்'. தப்பிக்க ஒரு சின்னக் கதவு திறந்து வைத்திருக்கிறார் என்று பொருள். 'ப்ரிட்டி மச் டன்' என்பதும் அதே ரகம்: முடிஞ்ச மாதிரிதான். தையல்கடையில் 'முடிஞ்ச மாதிரிதான்க்கா, காஜா மட்டும் பாக்கி' என்பார்களே, அந்த முடிவு. நம்பி ஃபங்ஷனுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

நாம 'டூ குட்', 'டூ மச்'னு சொல்றோமே, அதுவும் இதே தானா?

இல்லை, இங்கே ஜாக்கிரதை. அங்கே 'டூ' என்றால் அளவு மீறிவிட்டது, அதனால் ஏதோ கெட்டுப்போகிறது என்று பொருள். 'த டீ இஸ் டூ ஹாட்' என்றால் குடிக்க முடியாது. 'ப்ரிட்டி ஹாட்' என்றால் ஊதிக் குடிக்கலாம். ஜவுளிக்கடைப் பெண் ஒரு தடவை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் சேலையைப் பிரித்துக் காட்டி, 'மேடம், திஸ் கலர் இஸ் டூ பிரைட்' என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, மங்கலாக ஒன்று எடுக்கச் சொன்னார். விற்கிறவளே கண் கூசுகிறது என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? 'டூ குட்' என்று பாராட்டாகச் சொல்வது அங்கேயும் உண்டு, ஆனால் அரிது. நம் ஊரில்தான் அது கொடிகட்டிப் பறக்கிறது. ஊருக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

வெள்ளைக்காரங்க நிஜத்துல அதிகமா எதைச் சொல்றாங்க?

ஆளுக்கும் வயசுக்கும் ஊருக்கும் தகுந்த மாதிரி மாறும். 1994 முதல் 2004 வரை ஓடிய ஒரு பிரபல அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் வசனங்களை டொராண்டோ மொழியியலாளர்கள் எடுத்து எண்ணி, 2005இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். முதலிடம் 'ஸோ', அப்புறம் 'ரியலி', அதற்கும் கீழேதான் 'வெரி'. ஸோவைப் பெண் பாத்திரங்கள் ஆண்களைவிட அதிகம் சொன்னதும் தெரிந்தது. நம் பாடப்புத்தகம் முதலில் வைக்கிற வெரி, பேச்சில் மூன்றாவதாக நிற்கிறது.

'விக்கட் குட்', 'டெட் நைஸ்'னு எல்லாம் கேட்டேன். கெட்ட வார்த்தையா?

இல்லை, ஊர் வார்த்தை. பாஸ்டன் பக்கம் 'விக்கட்' போடுவார்கள். பொல்லாத என்று பொருள், ஆனால் 'விக்கட் குட்' என்றால் செம நல்லா. கலிபோர்னியாவின் வடக்கில் 'ஹெல்லா'. இங்கிலாந்தின் வடக்கே, லிவர்பூல், மான்செஸ்டர் பக்கம் 'டெட்'. செத்த என்று அர்த்தம் வருகிற சொல்லை வைத்து 'டெட் நைஸ்' என்கிறார்கள். 'மரண மாஸ்' சொல்கிற நாம் அதற்குச் சிரிக்க முடியாது. லண்டனில் 'வெல் குட்' என்பார்கள். நீங்கள் இதையெல்லாம் புரிந்துகொண்டால் போதும், சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர் ஒருவர் ரெண்டு நாள் தங்கிவிட்டு 'இன்னாமே, படா ஷோக்கா கீது' என்று ஆரம்பித்தால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும். ப்ரிட்டிக்கு இந்த வம்பு இல்லை, எல்லா ஊரிலும் செல்லும்.

'ப்ளடி' மட்டும் தனி. நம் ஊரில் அது திட்டு. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 'ப்ளடி குட்' என்றால் பிரமாதம். ஆனால் 1914இல் லண்டன் மேடையில் ஒரு நாடகத்தில் நாயகி அந்தச் சொல்லைச் சொன்னதற்கே ஊர் பரபரத்தது. இன்றைக்கு அங்கே காரம் குறைந்துவிட்டது என்றாலும், இன்டர்வியூவில் உங்கள் வாயில் வரவேண்டாம்.

பெரம்பூரில் எங்கள் பாட்டி வீட்டுக்கு எதிரில் ரயில்வேயில் வேலைபார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு ஆன்ட்டி கேக் கொடுத்துவிட்டு, 'ஜாலி குட், நோ?' என்பார். நான் ரொம்ப நாள் அந்தக் கேக் தின்றால் ஜாலியாக இருக்கும் என்று சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். 'ஜாலி குட்' என்றால் வெறுமனே 'ரொம்ப நல்லா'. இது பழைய பிரிட்டிஷ் பாணி, இப்போது சொன்னால் தாத்தா காலத்துப் பேச்சாகத் தெரியும். ப்ரிட்டியைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்தக் கேக்தான் என்று இப்போது தோன்றுகிறது.

'க்வைட்'டும் 'ப்ரிட்டி'யும் ஒண்ணா?

அமெரிக்கர் 'க்வைட் குட்' என்றால் நல்லாவே இருக்கிறது. பிரிட்டிஷ்காரர் அதையே சொன்னால் பல நேரம் 'சுமார்தான்'. நர்ஸ் வேலைக்கு அங்கே போகிறவர்கள், மேலதிகாரி 'க்வைட் குட்' என்றதும் வீட்டுக்கு போன் போட்டுக் கொண்டாடிவிட வேண்டாம். ஆனால் 'க்வைட் ரைட்' என்றால் முழுக்கச் சரி என்று அர்த்தம். ப்ரிட்டியில் இந்த அட்லாண்டிக் கடல் தகராறு குறைவு.

இன்டர்வியூல சொல்லலாமா? உங்க இங்கிலீஷ் எப்படின்னு கேட்டா 'ப்ரிட்டி குட்'னு சொன்னா திமிரா தெரியாதா?

தெரியாது. சொல்லப்போனால் அதற்கென்றே வார்த்தெடுத்த சொல் இது. கப்பல் வேலைக்குப் போகிற தம்பியோடு மாக் இன்டர்வியூ பண்ணினேன். 'ஹவ் இஸ் யுவர் ஸ்விம்மிங்?' என்றேன். நெஞ்சை நிமிர்த்தி, 'வெரி வெரி குட் மேடம்' என்றான். அவன் பொய் சொல்லவில்லை. கடலில் விழுந்து வளர்ந்தவன். ஆனால் கேட்கிற காதுக்கு அது பயத்தை மறைக்கிற சத்தமாகப் படும். 'இட்ஸ் ப்ரிட்டி குட். ஐ க்ரூ அப் பை த ஸீ' என்று மாற்றினோம். முதல் வாக்கியம் அடக்கம், ரெண்டாவது வாக்கியம் ஆதாரம். கேட்கிறவரே தலையாட்டுவார்.

'நோ, மை இங்கிலீஷ் இஸ் நாட் குட், ஸாரி' என்று ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. நம்மிடம் 'ஏதோ கொஞ்சம் தெரியும்' என்று சொல்வது பணிவு. அங்கே அதை அப்படியே உண்மை என்று எழுதிக்கொள்வார்கள். 'ஏதோ கொஞ்சம்'க்கும் 'சூப்பரா வரும்'க்கும் நடுவில் ஒரு நாற்காலி வேண்டும் என்றால் அது ப்ரிட்டிதான்.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வுல போடலாமா?

வெளிநாடு போக எழுதுகிற அந்த ஆங்கிலத் தேர்வில், எழுத்தில் வேண்டாம், பேச்சில் தாராளமாக. ஆபீஸ் மெயில் என்றால் பழகியவருக்கு எழுதும்போது மட்டும்.

உச்சரிப்பு?

'ப்ரெ' இல்லை, 'ப்ரி'. 'கிட்டி'யோடு எதுகை போடுங்கள். அமெரிக்கர்கள் 'ட்டி'யை மெலித்து 'ப்ரிடி' என்பார்கள். வேகமாகப் பேசும்போது அந்தச் சொல் இருந்ததே தெரியாத அளவுக்கு ஓடிவிடும், அதனால்தான் நம் காதில் விழுவதில்லை.

அழகுன்னு தப்பா புரிஞ்சுடுமோன்னு பயமா இருக்கு மிஸ். பொண்ணுங்ககிட்ட சொல்லும்போது?

நிறுத்தாமல் சொல்லுங்கள், அவ்வளவுதான். 'யூ ஆர் ப்ரிட்டி' என்றுவிட்டு அடுத்த சொல்லைத் தேடி நின்றீர்களோ, மாட்டினீர்கள். போன மாசம் ஒருத்தன் வகுப்புத் தோழியிடம் 'யூ ஆர் ப்ரிட்டி…' என்று ஆரம்பித்து, 'லேட்' என்கிற சொல் வராமல் மூன்று நொடி தவித்தான். அறை முழுக்க 'ஓ' போட்டது. அவள், 'லேட்டா அழகா, முடிவு பண்ணிட்டு சொல்லு' என்றாள்.

எப்படிப் பழகறது?

புத்தகம் வேண்டாம். ஃபுட்பால், கிரிக்கெட் கமென்ட்ரி கேளுங்கள், 'ப்ரிட்டி க்ளோஸ்', 'ப்ரிட்டி டைட்' என்று கொட்டிக்கொண்டே இருக்கும். ஃபுட்பாலே மூச்சாக இருக்கிற வியாசர்பாடிப் பசங்களுக்கு இது சொல்லாமலே நடக்கிற ஹோம்வொர்க். அதோடு ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். நீங்கள் தமிழில் 'பரவால்லயே', 'நல்லாத்தான் இருக்கு', 'தேவலாமே' என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும், மனசுக்குள் அதே ராகத்தில் ஒரு ப்ரிட்டி வாக்கியம் சொல்லிப் பாருங்கள். ராகம் முதல், சொல் அப்புறம்.

காசிமேட்டுப் பையன் இதை ஏலம் நடக்கும்போது செய்து பார்த்தானாம். விடியற்காலை, கூடைகள் இறங்குகின்றன, வஞ்சிரம் நல்ல சைஸ். அப்பா 'இன்னாடா, எப்படி?' என்று கேட்க, இவன் யோசிக்காமல் 'ப்ரிட்டி குட்பா' என்றிருக்கிறான். அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, 'குட்டியா? இதுவா குட்டி? நல்லா பாருடா, எட்டு கிலோ வரும்' என்று மீனைத் தூக்கிக் காட்டினாராம்.